குழந்தைக்கு கோஷே நோய்: பரிசோதனையிலிருந்து என்சைம் சிகிச்சை வரை பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தையின் வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகிறது. ரத்தம் ஏற மாட்டேன் என்கிறது. அடிக்கடி மூக்கில் ரத்தம். பூச்சி மருந்து, சத்து டானிக் எல்லாம் கொடுத்துப் பார்த்த ஊர் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். அங்கே ஸ்கேன் எடுத்து, எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டுப் பார்த்து, கோஷே நோயாக இருக்கலாம் என்கிறார்கள். இந்த இடத்தில் நிற்கும் அப்பா அம்மாவுக்காக எழுதுகிறேன். எங்கள் மகளுக்காக இந்த வழியில் நடந்தபோது, யாராவது ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று நாங்கள் நினைத்த விஷயங்கள்தான் இவை.

நோயைப் பற்றிச் சுருக்கமாக: ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் என்சைம் உடம்பில் போதுமான அளவு இல்லை. அதனால் அந்தக் கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேர்ந்துகொண்டே போகிறது. இல்லாத அந்த என்சைமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பாக ஏற்றுவதுதான் சிகிச்சை. மருந்தின் பெயர் இமிக்ளூசரேஸ். வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டும். விலை மிக அதிகம். ஆனால் வழி இருக்கிறது.

1. மண்ணீரலில் கை வைக்கும் முன் என்சைம் டெஸ்ட்

மண்ணீரல் வீங்கி, ரத்தத்தில் தட்டணுக்கள் (ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்கள்) குறைந்தால், அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சில இடங்களில் சொல்வார்கள். என்சைம் டெஸ்ட் முடிவு கைக்கு வரும் வரை அதற்குச் சம்மதிக்காதீர்கள். மண்ணீரலை எடுத்தால் தட்டணுக்கள் ஏறும், உண்மைதான். ஆனால் நோய் போகாது. சேர வேண்டிய கொழுப்பு அப்புறம் கல்லீரலிலும் எலும்பிலும் சேரும், கிருமித் தொற்று அபாயமும் கூடும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் வேறு கதை. மற்றபடி, "பீட்டா குளுக்கோசிடேஸ் டெஸ்ட் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். என்சைம் டெஸ்டின் பெயர் அதுதான். அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.

எலும்பு மஜ்ஜையில் கோஷே செல்கள் (அந்தக் கொழுப்பு சேர்ந்து பெருத்த செல்கள்) தெரிந்தன என்பது மட்டும் போதாது. அதே மாதிரி தோன்றும் செல்கள் வேறு நோய்களிலும் வரும். அரசு உதவிக்கு என்சைம் அளவும் ஜீன் முடிவும் கேட்பார்கள்.

ரத்த மாதிரி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். குழந்தைக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் தேதியைச் சொல்லிவிடுங்கள்; கொடையாளியின் செல்கள் கலந்து முடிவு குழம்பலாம். மாதிரியை வாரத் தொடக்கத்தில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்க கூரியரில் கிடக்கும். பாழான மாதிரிக்காகக் குழந்தைக்கு இன்னொரு ஊசி எதற்கு?

ஜீன் பரிசோதனைக்குத் தனியார் லேபில் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். கட்டணமில்லாமல் செய்துகொடுக்கும் ஏற்பாடு ஏதாவது உண்டா என்று முதலில் மரபியல் டாக்டரிடம் கேளுங்கள். பல நேரம் இருக்கும், நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

2. எந்த வகை என்பதை எழுத்தில் வாங்குங்கள்

கோஷேயில் மூன்று வகை. முதல் வகையில் மூளை பாதிக்கப்படுவதில்லை. இரண்டாவது கைக்குழந்தையிலேயே மூளையைக் கடுமையாகத் தாக்கும். மூன்றாவதில் நரம்பு பாதிப்பு மெதுவாக வரும். ஏற்றும் என்சைம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால்தான் மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கை முதல் வகைக்கும், நரம்பு பாதிப்பு பெரிதாக இல்லாத மூன்றாம் வகைக்கும் உதவி என்று சொல்கிறது.

இந்தியக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ஜீன் மாற்றம், பெரும்பாலும் மூன்றாம் வகையோடு சேர்ந்து வருவது. அதனால் வயிறு மட்டும்தான் பிரச்சினை என்று விட்டுவிடாமல் கண்ணையும் கவனியுங்கள். குழந்தையை மடியில் உட்கார வைத்து, தலையை அசைக்காமல் பக்கவாட்டில் இருக்கும் பொம்மையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மட்டும் திருப்பாமல் தலையை வெடுக்கென்று திருப்பியோ, கண்ணைச் சிமிட்டிவிட்டோ பார்த்தால் போனில் வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் அழும் குழந்தையிடம் இதைப் பரிசோதிப்பது கஷ்டம். வீட்டில் எடுத்த அரை நிமிட வீடியோ அங்கே ரொம்ப உதவும்.

நரம்பியல் டாக்டர் பார்த்த பிறகு, எந்த வகை, நரம்பு பாதிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று தேதி, கையெழுத்து, முத்திரையோடு கடிதம் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டால், விண்ணப்பம் இந்த ஒரு தாளுக்காக நிற்கும்.

3. ஃபைல்

சிகிச்சை தள்ளிப்போவதற்கு மருத்துவக் காரணங்களைவிடப் பெயர்க் குழப்பமே அதிகக் காரணமாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் இன்னொரு எழுத்து. லேப் ரிப்போர்ட்டில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. பார்க்கிற அதிகாரிக்கு இவை வேறு வேறு குழந்தைகள். எனவே ஒரு முடிவுக்கு வாருங்கள்: ஆதாரில் இருக்கிற பெயரே எல்லா ரிப்போர்ட்டிலும் வர வேண்டும். ரத்தம் எடுக்கும் கவுன்டரில் பெயரைச் சொல்லாதீர்கள், ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே ஏறாமல் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பதியலாம். அதற்குப் பிறகும் 15 வயது வரை சிறிய தாமதக் கட்டணத்தோடு பதியலாம். குழந்தைக்கு ஐந்து வயது ஆனதும் ஆதாரில் கைரேகை, கருவிழியைப் பதிவுசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது ஆதார் வேலை செய்யாமல் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

ஃபைலில் இருக்க வேண்டியவை: குழந்தை, அப்பா, அம்மா மூவரின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று (இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் அலுவலகம் வரை போய் வர நாளாகும் என்பதால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்), என்சைம் ரிப்போர்ட், ஜீன் ரிப்போர்ட், நரம்பியல் கடிதம், எல்லா டிஸ்சார்ஜ் சம்மரிகளும், கல்லீரல், மண்ணீரல் அளவு சென்டிமீட்டரில் எழுதிய ஸ்கேன், சமீபத்திய ரத்தப் பரிசோதனை, உயரமும் எடையும் குறித்த சீட்டு, குழந்தையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்க விடுங்கள், கையோடு வாங்கி வாருங்கள். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து, அப்பா போனிலும் அம்மா போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத் தாளில் அச்சாகும் ஸ்கேன் படங்கள் சில மாதங்களில் வெளிறிவிடும், அவற்றை முதலில் ஜெராக்ஸ் எடுங்கள்.

4. சிறப்பு மையத்தில் பதிவு

மத்திய அரசின் தேசிய அரிய நோய்க் கொள்கை 2021இல் வந்தது. அதன்படி நாடு முழுக்க சில மருத்துவமனைகளைச் சிறப்பு மையங்களாக அறிவித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கன்னியாகுமரி, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் கிட்டத்தில்தான், அதுவும் சிறப்பு மையம். பெங்களூரிலும் ஒன்று இருக்கிறது.

நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது இது: விண்ணப்பத்தை மையம்தான் அனுப்பும், நாம் டெல்லிக்கு எழுதுவதில்லை. பணமும் மையத்துக்குத்தான் வரும், நம் வங்கிக் கணக்குக்கு வராது. அதனால் முதலில் தனியாரில் செலவு செய்துவிட்டு அப்புறம் பில்லைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து முதல் சில டோஸ்களைப் போட்டுவிட்டு அதற்கு மேல் முடியாமல் நிறுத்திய குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். பதிவு நடக்கட்டும், அதுவரை தேவைப்படும் ரத்தம் ஏற்றுதல் போன்ற துணைச் சிகிச்சையை அரசு மருத்துவமனையிலேயே பாருங்கள்.

ஓ.பி. சீட்டு போட்டதும் மரபியல் பிரிவு என்று கேட்டுப் போங்கள். மையத்தின் குழு குழந்தையைப் பார்க்கும், தேவையானால் சில பரிசோதனைகளைத் திரும்பச் செய்யும், அப்புறம் பரிந்துரைக்கும். ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும்: இப்போது ஃபைல் யாரிடம் இருக்கிறது? என்ன குறைகிறது? அடுத்து எந்தத் தேதியில் வந்து கேட்க வேண்டும்? இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மாதங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிற குடும்பத்தின் ஃபைல்தான் நகர்கிறது. தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

ஒப்புதலை வேகமாக வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு யாராவது வந்தால் விலகிவிடுங்கள். இதில் எந்த இடத்திலும் ஏஜென்டுக்கு வேலை இல்லை.

5. பணக் கணக்கு

கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய். முதலில் இது குறைவாக இருந்தது, 2022இல் எல்லாப் பிரிவு அரிய நோய்களுக்கும் 50 லட்சமாக்கினார்கள். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களில் ஆண்டுக்கு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல்கூட ஆகும், எடை ஏற ஏறச் செலவும் ஏறும் என்று அந்தக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, இந்த 50 லட்சம் ஒருநாள் தீரும் என்பதை முதல் நாளே மனதில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

டோஸ் கணக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகக் கிலோவுக்கு 30லிருந்து 60 யூனிட் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு குப்பியில் 400 யூனிட். பதினைந்து கிலோ குழந்தைக்கு 60 வீதம் என்றால் 900 யூனிட், அதாவது இரண்டு குப்பி போக 100 யூனிட் பற்றாக்குறை. மூன்றாவது குப்பியைத் திறந்தால் முக்கால்வாசி வீண். அதனால் டாக்டர்கள் பெரும்பாலும் முழுக் குப்பிக்கு வருகிற மாதிரி டோஸை அமைப்பார்கள். இரண்டு குப்பி என்றால் கிலோவுக்கு 53 யூனிட், ஆண்டுக்கு 26 முறைக்கு 52 குப்பிகள். மூன்று என்றால் 78. இந்த வித்தியாசம் 50 லட்சம் எத்தனை மாதம் தாங்கும் என்பதையே மாற்றிவிடும். டோஸை முடிவு செய்வது டாக்டர்தான், நாமாகக் குறைக்கக் கூடாது. ஆனால் எத்தனை குப்பி, ஏன், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பது நம் உரிமை.

மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்திருங்கள். அப்பாவோ அம்மாவோ இ.எஸ்.ஐ. சந்தா கட்டுபவர் என்றால் அங்கே கேளுங்கள். ரயில்வே, மத்திய அரசு ஊழியர் என்றால் அவரவர் துறையில் கேளுங்கள். மருந்து தயாரிக்கும் சனோஃபி நிறுவனம் 1999 முதல் இந்தியாவில் சில நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்துவருகிறது. இடம் குறைவு, டாக்டர் மூலம்தான் விண்ணப்பிக்க முடியும். என்றாலும் பெயரைப் பதிந்து வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதை என்சைமுக்கு என்று நம்பியிருக்க முடியாது, ஆனால் அட்டை கையில் இருந்தால் அட்மிஷன், ஸ்கேன் செலவுகளில் கைகொடுக்கும். முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமர் நிவாரண நிதி இரண்டுக்கும் ஆஸ்பத்திரி கொடுக்கும் மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும், அதைத் தேதியோடு வாங்குங்கள்.

நன்கொடை திரட்டுவதானால், மத்திய சுகாதார அமைச்சகமே அரிய நோய்களுக்கு ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. சிறப்பு மையம் அதில் குழந்தையின் விவரத்தைப் பதிவேற்றும், பணம் மையத்தின் கணக்குக்குப் போகும். தனியார் தளங்களில் போடுவதானால் கமிஷன் எவ்வளவு, மிச்சப் பணம் என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தையின் முகத்தோடு வயிற்றைக் காட்டும் படங்களைக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளை பள்ளிக்கூடம் போக வேண்டும், அந்தப் படம் இணையத்தைவிட்டுப் போகாது.

வெளிநாட்டிலிருந்து மருந்தைச் சொந்தப் பெயரில் வரவழைக்க நேர்ந்தால்: கொள்கைப் பட்டியலில் உள்ள நோய்களுக்குச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்யும் மருந்துக்கு 2023 ஏப்ரல் 1 முதல் சுங்க வரி முழு விலக்கு. அதற்கு மத்திய அல்லது மாநில சுகாதாரப் பணிகள் இயக்குநரிடமிருந்தோ மாவட்ட மருத்துவ அதிகாரியிடமிருந்தோ சான்றிதழ் வேண்டும். மருந்து கிளம்பும் முன்பே அதை வாங்கிவிடுங்கள்.

6. டிரிப் ஏற்றும் நாள்

மருந்து 2லிருந்து 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஒரு முறை எங்கள் மகளுக்கு வந்த பெட்டியில் ஐஸ் ஜெல் முழுக்க உருகி, பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அன்றைக்கு டோஸ் நடக்கவில்லை, குப்பிகளை மாற்றி வாங்கும் வரை காத்திருந்தோம். பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் இருங்கள். குப்பியின் காலாவதித் தேதியையும் பேட்ச் எண்ணையும் நோட்டில் குறியுங்கள்.

காலையில் குழந்தையின் எடையைப் பார்ப்பார்கள். ஊசி போடும் இடத்தில் மரத்துப்போகும் க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைத்தால் குத்தும் வலி நன்றாகக் குறையும். எந்தக் கையில் போடலாம் என்று குழந்தையையே சொல்ல விடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் எங்கள் மகள் அழுகையை நிறுத்தியது அன்றிலிருந்துதான். நர்ஸ் குப்பியில் தண்ணீர் விட்ட பிறகு மெதுவாக உருட்டிக் கலக்குவார், குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைத்து மருந்து கெடும். புதிதாக வந்த நர்ஸ் என்றால் நீங்களே பணிவாக நினைவூட்டலாம். அப்புறம் சலைனில் கலந்து ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஏறும். அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல், குளிர் நடுக்கம் எது தெரிந்தாலும் உடனே கூப்பிடுங்கள். டிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

7. நிற்காமல் பார்த்துக்கொள்வது

சிகிச்சையைத் தொடங்குவதைவிட அதை இடையில் நிற்காமல் கொண்டுபோவதுதான் பெரிய வேலை. பல மாதம் நின்றால் குறைந்த வயிறு திரும்ப ஏறும், ரத்தம் இறங்கும், எலும்பு வலி வரும். ஸ்டாக் தீரப் போகிறது என்று ஆஸ்பத்திரி சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். இன்னும் எத்தனை குப்பி இருக்கிறது, அடுத்த இன்டென்ட் (மருந்து கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் ஆர்டர்) போட்டாயிற்றா, 50 லட்சத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு டிரிப்பின்போதும் கேட்டு எழுதுங்கள். பாதித் தொகை முடிந்ததுமே அடுத்த வழிக்கான விண்ணப்பங்களைத் தொடங்க வேண்டும். இந்த உச்சவரம்பு பற்றி நீதிமன்றங்களில் வழக்குகள் போய்க்கொண்டிருக்கின்றன. தேவைப்பட்டால் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேளுங்கள், குழந்தைகள் விஷயத்தில் அங்கே கட்டணம் இல்லை.

மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சான்றும் தேவை, அது இல்லாமல் தொடர்வதற்கான பரிந்துரையை எழுத முடியாது. ரத்த அணுக்கள், உயரம், எடை, மண்ணீரல் கல்லீரல் அளவு, எலும்பு, நரம்பியல் பரிசோதனை ஆகியவற்றை டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் எடுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் ஸ்கேன் எடுங்கள், ஆள் மாறினால் சென்டிமீட்டரும் மாறுகிறது. ரத்தம் சில மாதங்களில் ஏறும். வயிறு குறைய ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். எலும்புக்கு வருடங்கள் ஆகும். மூன்றாம் மாதம் வயிறு அப்படியே இருக்கிறதே என்று மனம் தளர்ந்து நாட்டு மருந்துக்கு மாறியவர்கள் உண்டு. அது வேண்டாம்.

8. வீட்டிலும் பள்ளியிலும்

மண்ணீரல் பெரிதாக இருக்கும் வரை வயிற்றில் அடிபடக் கூடாது. கபடி, மரம் ஏறுவது, சைக்கிள் கேரியரில் உட்காருவது வேண்டாம். ஓடி விளையாடட்டும், ஓவியம் வரையட்டும், ஊஞ்சல் ஆடட்டும். கீழே விழுந்து வயிற்றில் அடிபட்டு வலி என்றால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இதை வகுப்பு ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதமாக, டாக்டர் கையெழுத்தோடு கொடுங்கள். பி.டி. சாருக்குத் தனியாக ஒரு பிரதி.

காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். தட்டணுக்கள் குறைவாக இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் ரத்தக் கசிவைக் கூட்டும், மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிரப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பல் பிடுங்குவதற்கு முன்பும் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். கால் எலும்பில் திடீரென்று கடுமையான வலியும் காய்ச்சலும் வந்தால், எலும்பில் சீழ் என்று நினைத்து அறுவைக்குத் தயாராவார்கள். கோஷேயிலும் அப்படியே வலி வரும் என்பதை டாக்டரிடம் சொல்லி, எம்.ஆர்.ஐ. பார்க்கக் கேளுங்கள்.

ரயில் கட்டணச் சலுகைப் பட்டியலில் தலசீமியா, ஹீமோபீலியா உண்டு, நம்முடையது இல்லை. டிரிப்புக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சென்னை போய் வரும் செலவு சேர்ந்தால் பெரிதாகிவிடும். முதல் சில டோஸ்கள் பிரச்சினையின்றி ஏறிய பிறகு, உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஏற்ற முடியுமா என்று மையத்தில் கேளுங்கள். அப்பாவின் அரை மாதக் கூலி மிச்சமாகும்.

9. அடுத்த குழந்தை, உறவுக்காரர்கள்

நோயுள்ள ஜீன் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அம்மாவின் வயிற்றுக் கோளாறு என்று பேசும் மாமியாரையோ சித்தியையோ மரபியல் ஆலோசனைக்கே ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் பேச்சு நிற்கும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடும் என்பதால், கல்யாணப் பேச்சில் இருக்கும் உறவுக்காரர்களுக்கும் பரிசோதனை உண்டு என்று தெரியப்படுத்துங்கள்.

அடுத்த குழந்தை வேண்டும் என்றால், கர்ப்பமாகும் முன்பே முதல் குழந்தையின் ஜீன் முடிவும் பெற்றோர் இருவரின் முடிவும் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் 11லிருந்து 13 வாரத்துக்குள் நஞ்சுத் திசுவை எடுத்துப் பார்க்கலாம், தவறினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பார்க்கலாம். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஐந்தாம் மாதத்தில் வந்து ஜீன் டெஸ்டையே முதலில் இருந்து தொடங்கினால் யோசிக்க நேரம் இருக்காது. ஆண் பெண் விவரத்தைச் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது, சட்டம் அப்படி. வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறை இருக்கிறது, சென்னையிலும் பார்க்கிறார்கள். சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் ஜீன் ரிப்போர்ட் ஒரிஜினலை அங்கே கேட்பார்கள், போகும்போது ஃபைலோடு கிளம்புங்கள்.